ஒரு நாள் முந்திய வட்டிலப்பம்

வட்டிலப்பம் செய்து விற்கிறவளுக்கு நோன்பு மாதத்தில் ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: பெருநாள் நாளைக்கா, நாளை மறுநாளா? அந்த ஒன்றைத்தான் ஒருவரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

பெருநாளைக்கு ஓடர் எடுத்துச் சமைக்கிற சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இருபத்தொன்பதாம் நோன்பன்று குசினி வாசலில் நின்றுகொண்டு வானத்தையும் தேங்காயையும் மாறி மாறிப் பார்த்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வட்டிலப்பத்துக்கு வேண்டியது தேங்காய்ப்பால், முட்டை, கித்துல் கருப்பட்டி, ஏலக்காய், மேலே தூவக் கொஞ்சம் கஜு, அதாவது முந்திரி. கலந்து ஆவியில் வைத்து எடுப்பதுதான் வேலை. கருப்பட்டியை முன்னாலேயே கரைத்து வைக்கலாம், ஏலக்காயை இடித்து வைக்கலாம். பாலும் முட்டையும் சேர்ந்துவிட்டால் பிறகு திரும்பிப் போக வழியில்லை. ஒரு நாள் வெளியில் இருந்தால் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் புளித்துவிடும். அதனால் பிறை கண்ட செய்தி வந்த பிறகுதான் முட்டையில் கை வைக்க வேண்டும். இருபத்தொன்பதில் பிறை கண்டால் மறுநாள் பெருநாள். காணாவிட்டால் முப்பதையும் பிடித்து முடித்து, அதற்கடுத்த நாள்.

எஹலியகொடவில் பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். இந்த வருடம் எனக்கு வழக்கமான பயத்தோடு இன்னொரு பயமும் இருந்தது. என் இளைய மகள் ஷிஃபானாவை ஆறு மாதத்துக்கு முன் எம்பிலிப்பிட்டியவில் கட்டிக் கொடுத்தோம். தலைப்பெருநாளைக்குப் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரிய தட்டில் வட்டிலப்பம் போக வேண்டும். பெண்ணின் தாய் ஊருக்கெல்லாம் வட்டிலப்பம் விற்கிறவள் என்றால் அந்தத் தட்டை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதிலும் என் சம்பந்தி, மாப்பிள்ளையின் தாய், பேச்சில் கறார். கலியாண வீட்டில் என் கையால் செய்ததை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்ல" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தை ஆறு மாதமாகத் தொழுகையிலும் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அல்லாஹ் மன்னிக்கணும்.

குடையோடு பிறை பார்ப்பவர்கள்

எங்கள் பக்கத்தில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணலாம். இருபத்தொன்பதாம் நோன்பன்று பின்னேரம் பள்ளிவாசல் மேட்டில் ஏழெட்டுப் பேர் பிறை பார்க்க ஏறுவார்கள். எல்லோர் கையிலும் குடை இருக்கும். இத்தனை வருடத்தில் அவர்கள் ஒரு தடவையாவது பிறையைக் கண்டதாக எனக்கு ஞாபகமில்லை. மேகத்தையும் றப்பர் மரத்தையும் பார்த்துவிட்டு, காற்சட்டை நனைய இறங்கி வந்து, கொழும்பிலிருந்து வருகிற அறிவிப்பை எல்லோரையும் போல ரேடியோவில் கேட்டுக்கொள்வார்கள்.

போன வருடம் அந்த அறிவிப்புப் பிந்தி வந்தது. நான் நல்ல பிள்ளையாக அதுவரைக்கும் ஒரு முட்டையும் உடைக்காமல் காத்திருந்தேன். பிறகு அவசரப்பட்டு அவித்தும் பாதிப் பேருக்கு நேரத்துக்குக் கொடுக்க ஏலாமல் போய்விட்டது. எங்கள் தெருவில் மஹ்மூத் மாஸ்டர் என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பெருநாள் தொழுகை முடிந்து புதுச் சாரமும் அத்தருமாக எங்கள் வாசலுக்கு வந்தவர், பானையிலிருந்து இன்னும் ஆவி போவதைப் பார்த்தார். கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்: "பரீதா, ஊரெல்லாம் நோன்பு தொறந்தாச்சி, ஒங்கட வட்டிலப்பம் மட்டும் இன்னம் நோன்பு புடிச்சிட்டு ஈக்கி."

பாவம் அந்தப் பெரியவர்

எங்கள் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள், அண்ணனை நானா என்பார்கள். என்னை விடச் சின்னவர்கள் எல்லோருக்கும் நான் பரீதா தாத்தா. தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்குத் தாத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். மூன்று விதமாகப் பேசுகிற நாங்கள் எல்லோரும் சந்தியில் ஒரே கடையில்தான் சாமான் வாங்குகிறோம். கடைக்காரி ஸ்ரீயானி அக்கா, எனக்கு ஓடர் சேரட்டும் என்ற நல்ல மனதோடு, ஓர் அட்டையில் என் போன் நம்பரையும் 'வட்டிலப்பம், தாத்தா' என்றும் தமிழில் எழுதுவித்துக் கடை முகப்பில் தொங்கவிட்டிருந்தார்.

இந்த நோன்பில் ஒரு நாள், தோட்டத்து ஒபீசுக்கு ஹட்டன் பக்கமிருந்து புதிதாக வந்த கிளாக்கர் தம்பி கோல் எடுத்தார். போனைத் தூக்கியது பிள்ளைகளின் வாப்பா, என் கணவர். தாத்தாவோடு பேச வேண்டும் என்றதற்கு, தாத்தா குசினியில் தேங்காய் துருவுவதாக இவர் சொல்லியிருக்கிறார். தாத்தாவுக்கு வயசு எத்தனை என்றதற்கு, அறுபதாகப் போகிறது, முழங்கால் வலி வேறு என்று அதையும் சொல்லியிருக்கிறார். தம்பி இரண்டு கப் போதும் என்று வைத்துவிட்டார். மறுநாள் கடையடியில் ஸ்ரீயானி அக்கா என்னைக் காட்டி, இவர்தான் அந்தத் தாத்தா என்றதும் அந்தப் பிள்ளைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "மன்னிச்சிக்கங்கம்மா, ஆறு கப்புதான் கேக்க நெனச்சேன். முழங்கால் வலியோட ஒரு பெரியவர ஒக்கார வச்சித் தேங்கா துருவ விடுறாங்களேன்னு மனசு கேக்கல, அதான் ரெண்டோட நிப்பாட்டிட்டேன்."

மலைப் பக்கத்து வெடி

மாஸ்டர் போன வருடம் சொன்னது உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த முறை செய்தி வந்த அந்த நிமிடமே முட்டையை உடைத்துவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். இருபத்தொன்பதாம் நோன்பன்று பின்னேரமே தேங்காய்ப்பால் பிழிந்தாயிற்று. கருப்பட்டிக் கரைசல் ஆறியாயிற்று. அடுப்பில் மூன்று பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வருடா வருடம் எனக்குக் கை கொடுக்க வருகிறவள் செல்வி. தோட்டத்தில் மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறாள், றப்பர் பால் வெட்டுகிற பெண். அன்றைக்குக் கோயிலில் வேலை இருக்கிறது, வர ஏலாது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. என் பிழை அதுதான்.

பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழுது ஸலாம் கொடுக்கிற நேரம், படபடவென்று வெடி கேட்டது. எங்கள் ஊரில் பிறை கண்ட செய்தி வந்தால் பிள்ளைகள் முதலில் செய்கிற வேலை வெடி கொளுத்துவதுதான். ரேடியோ போடவில்லை, போன் அறையில் சார்ஜில் கிடந்தது, இவர் பள்ளிக்குப் போயிருந்தார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால், பள்ளி ஒலிபெருக்கியில் பெருநாளை அறிவிக்கும் தக்பீர் கேட்காததும் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. வெடிச் சத்தம் பள்ளிப் பக்கமிருந்து வராமல் மலைப் பக்கமிருந்து வந்ததையாவது யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தேன்? அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு முதல் முட்டையை உடைத்தேன், பிறகு அட்டை அட்டையாக உடைத்தேன். தக்பீர் சொல்லிக்கொண்டே ஊற்றினேன், அவித்தேன், இறக்கினேன். எம்பிலிப்பிட்டியவுக்குப் போக வேண்டிய இரண்டு பெரிய தட்டுக்கும் கஜுவைப் பூப்போல அடுக்கி மனம் நிறைந்து போனேன்.

இவர் நன்றாகப் பிந்தித்தான் வந்தார். எங்கே இவ்வளவு நேரம் என்றதற்குத் தராவீஹ் தொழுதுவிட்டு வருகிறேன் என்றார். தராவீஹ் நோன்பு இரவுகளில் மட்டும் உள்ள தொழுகை. பெருநாள் இரவில் என்ன தராவீஹ் என்று நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. குசினி வாசலில் நின்று பானைகளைப் பார்த்தார், மேசை நிறைய ஆறப் போட்டிருந்த கப்களைப் பார்த்தார், மூலையில் குவிந்திருந்த முட்டைக் கோதுகளைப் பார்த்தார். "பிறை காணல்லயே, நாளைக்கி முப்பதாம் நோன்பு. நீ ஆருக்கு இவ்வளத்தயும் அவிச்சி வெச்சிரிக்கிற?"

சோடாவுக்குப் பதிலாக

நான் எண்ணிப் பார்த்தேன். எண்பத்து நான்கு கப், இரண்டு பெரிய தட்டு. வீட்டில் இருப்பது கதவை நாடாவால் கட்டி வைத்திருக்கிற சின்ன பிரிஜ். மறுபடி செய்யலாம் என்றால் மிச்சமிருந்த நல்ல கித்துல் கருப்பட்டி பத்துக் கப்புக்குத்தான் காணும், கடையிலும் முடிந்துவிட்டது. விடியுமுன் ஸஹர் சாப்பிட எழுந்தபோது இரண்டு ரக்அத் தொழுது துஆக் கேட்டேன். நடந்ததை மாற்றித் தா என்று கேட்கவில்லை, பெருநாள் வரைக்கும் இது புளிக்காமல் பாதுகாத்துத் தா என்று மட்டும் கேட்டேன். பிள்ளைகளின் பரீட்சைக்குக்கூட நான் அப்படி அழுது கேட்டதில்லை.

சுபஹு தொழுதுவிட்டு முதலில் ஸ்ரீயானி அக்காவிடம் போனோம். நான் சொல்லி முடிக்கும் முன்னமே அவர் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பான அலுமாரியைத் திறந்து சோடாப் போத்தல்களை வெளியில் எடுக்கத் தொடங்கிவிட்டார். நாற்பது கப் அதில் அடங்கியது. பகல் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். கடையில் கூட்டம். கண்ணாடி வழியாக வட்டிலப்பத்தைக் கண்ட சிங்கள ஆட்கள், தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஒன்று தரச் சொல்லி நின்றார்கள். ஸ்ரீயானி அக்கா அலுமாரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். தங்கையை 'நங்கி' என்கிற அவருடைய தமிழில் என்னிடம் முறையிட்டார்: "அனே நங்கி, நாலு வருசமா இந்த அலுமாரி நெறய சோடா வெச்ச, ஒரு ஆள் எட்டிப் பாக்கல்ல. இன்னிக்கி விக்க ஏலாத சாமான் வெச்ச, முழு ஊரும் சல்லியோட வந்து நிக்கிது."

முட்டை ஏறாத லயம்

செல்வி காலையிலேயே ஓடி வந்தாள். வெடி அவர்களுடையது. மாரியம்மன் திருவிழாவில் கரகம் இறங்கி வந்த நேரத்துக்குக் கொளுத்திய வெடி. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல். மேல் லயத்தில் பெரிய பிரிஜ்கள் இருக்கின்றன, அங்கே இரண்டு தட்டையும் வைக்கலாமா என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. திருவிழா முடியும் வரைக்கும் லயமெல்லாம் காப்புக் கட்டியிருக்கிறது. மீனோ இறைச்சியோ முட்டையோ வீட்டுக்குள் போகக் கூடாது. வட்டிலப்பத்தில் பாதி முட்டைதான். நான் வற்புறுத்தவில்லை. நோன்போடு நிற்கிற நான் அடுத்தவரின் விரதத்தைக் கெடுக்கலாமா?

செல்விதான் மேரி அக்காவை ஞாபகம் வைத்துச் சொன்னாள். லயத்தின் கடைசி வீடு, வேதக்கார ஆட்கள். அவர்களுக்கும் தவக்காலம், இறைச்சி தொடுவதில்லை, ஆனால் முட்டைக்குத் தடையில்லை. அந்த வாரம் எங்கள் மலையில் வயிறு நிறைய இருந்தது பிரிஜ்கள் மட்டும்தான். இவர் த்ரீவீலை மெதுவாக ஓட்ட, நான் இரண்டு தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஸலவாத்து ஓதிக்கொண்டே போனேன். லயத்தடியில் இறங்கியதும் செல்வி தட்டைத் தொடாமல் எட்டி நின்று குடை மட்டும் பிடித்து வந்தாள். மேரி அக்காவின் வாசலில் சொன்னாள்: "பரீதாக்கா, ஆத்தாவுக்குக் கொளுத்துன வெடிக்கு நீங்க முட்டய ஒடச்சிட்டீங்க. இனிமே வெடி போடுறதுக்கு முந்தி ஒங்களுக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்றேன்."

மருந்துக்கும் இதுக்கும் ஆகாது

மேரி அக்கா தட்டுகளோடு இருபத்து நான்கு கப்பையும் எடுத்துக்கொண்டார். மிச்சம் இருபது. என்னிடம் சொல்லாமல் இவர் அதைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே மருந்து வைக்கிற நல்ல பிரிஜ் ஒன்று உண்டு. மருந்து கொடுக்கிற ஐயா தலையை ஆட்டியதும் இவர் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வீட்டு பிரிஜ்ஜில் இருந்த மீனையும் மரக்கறியையும் வெளியில் எடுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, இருபதையும் அதற்குள்ளேயே நெருக்கி அடுக்கினேன். ஐயா என்ன சொன்னார் என்று இவர் சொல்ல மறுத்தார். வற்புறுத்திக் கேட்டதில் வந்தது: "நானா, இந்த மலையில பாதிப் பேருக்குச் சீனி வியாதியே ஒங்க வீட்டம்மா கையாலதான் வந்திச்சி, அதையும் மருந்தையும் ஒரே பெட்டியில வச்சா ரெண்டும் சண்ட புடிச்சிக்கும்."

கதவுக் காவல்

அன்று பகல் லுஹருக்குப் பிறகு காற்றோடு மழை. மேலே ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போய்விட்டது. சந்தியிலும் எங்கள் தெருவிலும் இருந்தது, தோட்டத்தில்தான் இல்லை. அதாவது ஸ்ரீயானி அக்காவின் நாற்பதுக்கும் வீட்டு இருபதுக்கும் பயமில்லை, மகளுடைய மாமியார் வீட்டுத் தட்டுக்குத்தான் பயம். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குர்ஆனை எடுத்து யாஸீன் ஓதினேன். நடுவில் இரண்டு தடவை எழுந்து போய் மலையைப் பார்த்தேன், மலையைப் பார்த்தால் கரண்ட் தெரியுமா?

அஸருக்கு முன் கரண்ட் வந்ததும் மேரி அக்காவுக்குக் கோல் எடுத்தேன். பிரிஜ் கதவை ஒருவரும் திறக்கவில்லையே என்று கேட்டேன். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் தண்ணீர் எடுக்க வந்தார்களாம், அவர்களை விரட்டியிருக்கிறார். மகன் வந்து என்ன விஷயம் என்று கேட்டதற்கு அவனையும் விரட்டியிருக்கிறார். அவர் குரலில் களைப்பு இருந்தது, கூடவே ஒரு பெருமையும் இருந்தது. "ரெண்டு மணித்தியாலமா கதவுக்கு முன்னால நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கேன் பரீதா, எங்க மாமியாரு சீக்கா கெடந்தப்பக்கூட நான் இப்படி அசையாம உக்காந்ததில்ல."

பழசு இருக்கா

முப்பது நோன்பும் முடிந்தால் பிறையைக் கேட்கத் தேவையில்லை. மஃரிபோடு பள்ளியில் தக்பீர் தொடங்கியது, இந்த முறை நான் வாசலுக்கே போய் என் காதால் கேட்டேன். மனம் லேசானது. ஒரு கப்பைத் திறந்து வாயில் வைத்துப் பார்த்தேன். புளிப்பில்லை. குளிர்ந்து இறுகி, கருப்பட்டிச் சாறு அடியில் இறங்கி, முன்னையதை விட நன்றாகவே இருந்தது. ஆனாலும் நேற்றுச் செய்தது நேற்றுச் செய்ததுதான். முப்பது நாள் நோன்பு பிடித்த வாயால் அதை மறைத்துக் கொடுக்க எனக்கு ஏலாது. மிச்சமிருந்த கருப்பட்டியில் பத்துக் கப் புதிதாக அவித்து வைத்துக்கொண்டேன், பழையது வேண்டாம் என்கிறவர்களுக்காக.

பெருநாள் காலையில் வந்த ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். முதல் ஆள் மஹ்மூத் மாஸ்டர். நான் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தேன். அவர் கப்பை வாங்கிக் கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, வட்டிலப்பம் நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது, பெருநாள்தான் ஒரு நாள் பிந்திவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கே எனக்குக் கண் கலங்கியது. அநேகம் பேர் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். கீழ்த் தெரு நஸீரா மட்டும், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், புதியதே தாருங்கள் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். கேட்டதில் பிழையில்லை, கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் அவளே கோல் எடுத்தாள்: "தாத்தா, பக்கத்து வீட்டுக்குக் குடுத்தத ஒரு கரண்டி தின்டு பாத்த, அதுதான் ருசி. எங்களுக்கும் அந்தப் பழசு ரெண்டு ஈக்கா?"

எம்பிலிப்பிட்டிய

ஊர் ஆட்களிடம் சொல்வது ஒன்று, சம்பந்தியிடம் சொல்வது வேறு. முதல் நாளே ஷிஃபானா போனில் கெஞ்சினாள். உம்மா, மாமிக்குச் சொல்லிடாதீங்க, சொன்னா வருசம் முழுக்க நான்தான் கேட்டுட்டு ஈக்கணும் என்றாள். பிள்ளையின் குரலைக் கேட்டு எனக்கும் ஆட்டம் கண்டது. தொழுகை விரிப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். ஊரார் வயிற்றுக்கு ஒரு நியாயம், மகளின் மாமியார் வயிற்றுக்கு ஒரு நியாயமா? மூத்த மகன் ரிஸ்வான் கொழும்பிலிருந்து வந்திருந்தான். பெருநாள் தொழுகை முடிந்ததும் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில், மேரி அக்கா வீட்டிலிருந்து எடுத்து வந்த இரண்டு தட்டையும் வைத்து அவனை அனுப்பிவிட்டு, பிஸ்மி சொல்லி எம்பிலிப்பிட்டியவுக்குக் கோல் எடுத்தேன்.

வெடி, முட்டை, மேரி அக்காவின் பிரிஜ், கரண்ட் போனது, எல்லாவற்றையும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். வைக்க விருப்பமில்லை என்றால் மகனிடமே திருப்பி அனுப்புங்கள், நான் மனவருத்தப்பட மாட்டேன் என்றும் சொன்னேன். அது பொய். அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். "வரட்டும், பாப்பம்" என்றார் சம்பந்தி. போன் கட்.

எஹலியகொடவிலிருந்து அங்கே போக மூன்று மணித்தியாலம். வீட்டுக்கு வந்தவர்களுக்கு புரியாணி போட்டேன், பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுத்தேன், கை கொடுத்து முஸாஃபஹா செய்தேன், என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. இவர் வந்து ஒரு வாய் சாப்பிடச் சொன்னார். என் புரியாணியை மூடி வைத்துவிட்டேன். லுஹரில் ஸஜ்தாவுக்குப் போனவள் எழும்ப நேரமெடுத்தேன்.

தொழுது முடித்து விரிப்பை மடிக்கும்போது போன் அடித்தது. சம்பந்திதான். வீட்டு ஆட்கள் எல்லோரும் சாப்பிட்டாகிவிட்டது, ஒரு தட்டு முடிந்துவிட்டது, மற்றதை மறைத்து வைத்திருக்கிறேன் என்றார். ஷிஃபானா பக்கத்தில் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது, இருந்த இடத்திலேயே விரிப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தன் கறார்க் குரலில் தொடர்ந்தார்: "தங்கச்சி, நான் எப்பவும் ஒரு நாள் இறுக விட்டுத்தான் வெட்டுற, கலியாணத்துல நீங்க சூடாறாமக் கொண்டு வந்து வெச்சதுதான் எனக்குப் பிடிக்கல்ல. மறு வருசமும் ஒரு நாளைக்கு முந்தியே செஞ்சி அனுப்புங்க, ஏலக்காய மட்டும் கொஞ்சம் கொறைங்க."

வட்டிலப்பம் விற்கிறவளுக்குப் பெருநாள் என்பது, எல்லோரும் சாப்பிட்டு முடித்து ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை என்று உறுதியான பிறகு, அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு ஆறிப்போன புரியாணியோடுதான் தொடங்குகிறது.